சாதி கேட்காத படிவம்: ஜெர்மனியின் வசிப்பிட அனுமதியும் நெய்வேலியின் ஒப்பந்தத் தொழிலாளரும்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கப் பணி 1957 மே 20 அன்று தொடங்கியது. அனல்மின் நிலையத்திற்குச் சோவியத் ஒன்றியம் துணைநின்றது. மேல்மண்ணை அகழ்ந்தெடுக்கும் மாபெரும் சக்கர வாளி இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. இன்று பயணத்தின் திசை மாறியிருக்கிறது. முதுமையடைந்துவரும் ஜெர்மனி, தன் மருத்துவமனைகளுக்கும் தொழிற்கூடங்களுக்கும் இந்தியாவிலிருந்து ஆட்களைக் கேட்கிறது. 2022 டிசம்பரில் இரு நாடுகளும் குடிபெயர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 2024 அக்டோபரில், இந்தியத் திறன்சார் பணியாளர்களுக்கு ஆண்டுதோறும் வழங்கும் விசாக்களை 20,000இலிருந்து 90,000ஆக உயர்த்தப்போவதாக ஜெர்மன் அரசு அறிவித்தது.

இந்த அறிவிப்பு வெளியான நாள்முதல் கடலூர் மாவட்டத்துக் கல்லூரி மாணவர்களிடையே ‘ஜெர்மனி’ என்ற சொல் மிகுதியாகப் புழங்குகிறது. அதில் தலித் மாணவர்களும் உண்டு. சாதிப் பெயரை யாரும் கேட்காத ஒரு நாட்டில் உழைத்து வாழலாம் என்ற நம்பிக்கை எளிதாகப் புறந்தள்ளத்தக்கதன்று. ஜெர்மன் விசா விண்ணப்பப் படிவத்தில் சாதி என்றொரு கட்டம் இல்லை என்பதும் உண்மையே. ஆனால் அந்தப் படிவத்துடன் இணைக்க வேண்டிய ஒவ்வொரு காகிதத்தையும் கையிலெடுத்து, அது எங்கே உற்பத்தியாகிறது என்று கேட்டால் வேறொரு சித்திரம் தெரிகிறது.

அனுமதி எவ்வாறு கிடைக்கிறது

வெளிநாட்டவர் ஜெர்மனியில் தங்குவதை, 2005 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த வசிப்பிடச் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. இந்தியக் குடிமக்களுக்கு இது இரு கட்டங்களாக நடக்கிறது. முதற்கட்டம் இங்கேயே. தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் சென்னையிலுள்ள ஜெர்மன் துணைத் தூதரகத்தின் எல்லைக்குள் வருகிறார். படிப்பு, பயிற்சி, வேலை ஆகியவற்றில் எந்த நோக்கத்திற்காகச் செல்கிறாரோ அதற்குரிய நீண்டகாலத் தேசிய விசாவைப் பெற வேண்டும். இரண்டாம் கட்டம் அங்கே. குடியேறிய வீட்டின் முகவரியை நகராட்சியில் பதிவுசெய்து, பின்னர் அவ்வூரின் வெளிநாட்டவர் அலுவலகத்தில் விண்ணப்பித்தால் வசிப்பிட அனுமதி அட்டையாக வழங்கப்படும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். 90 நாள் சுற்றுலா விசாவில் போய்விட்டால் அங்கே வேலை தேடி வசிப்பிட அனுமதியாக மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லும் இடைத்தரகர்கள் பலர். இந்தியர்களைப் பொறுத்தவரை பொதுவிதி அதற்கு நேர்மாறானது: நாடு திரும்பி, உரிய விசாவிற்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். இந்தப் பொய்க்கு விலையாகக் கொடுக்கப்படுவது பெரும்பாலும் வட்டிக்கு வாங்கிய பணம்.

முறையான வாசல்கள் ஐந்து.

முதலாவது, உயர்கல்வி. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்திற்கு வெளியிலிருந்து வருவோரிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ வாங்குகிறது. 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்கள் தம் சான்றிதழ்களை ‘ஏ.பி.எஸ்.’ என்ற அமைப்பின் வழியாகச் சரிபார்க்க வேண்டும்; அதன் கட்டணம் 18,000 ரூபாய். பட்டம் பெற்றபின் 18 மாதங்கள் வரை வேலை தேடத் தங்கலாம்.

இரண்டாவது, ‘நீல அட்டை’. பட்டதாரிகளுக்கு உரியது, ஊதிய வரம்பு கொண்டது. 2025இல் அந்த வரம்பு ஆண்டுக்கு 48,300 யூரோ. ஆள் பற்றாக்குறையுள்ள தொழில்களுக்கு 43,759.80 யூரோ. இந்த அட்டையுடன் 27 மாதங்கள் பணிபுரிந்தவர், ஜெர்மன் மொழியில் பி1 நிலை எட்டியிருந்தால் 21 மாதங்களிலேயே, நிரந்தர வசிப்புரிமை கோரலாம்.

மூன்றாவது, 2024 ஜூனில் அறிமுகமான ‘வாய்ப்பு அட்டை’. வேலை உறுதியாகாமலே ஓராண்டு வரை அங்கே தங்கி வேலை தேட இது வழிசெய்கிறது. பட்டமோ குறைந்தது இரண்டாண்டுத் தொழிற்பயிற்சியோ இருக்க வேண்டும். வயது, மொழி, அனுபவம் ஆகியவற்றுக்கான புள்ளிகளில் ஆறு பெற வேண்டும்.

நான்காவது, தொழிற்பயிற்சி. நிறுவனத்தில் வேலையும் தொழிற்பள்ளியில் பாடமுமாக இரண்டு முதல் மூன்றரை ஆண்டுகள் நீளும். கல்விக் கட்டணம் இல்லை. மாத ஊதியம் உண்டு. 2025இல் பயிற்சி தொடங்கியவர்களுக்கு முதலாண்டின் சட்டபூர்வக் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 682 யூரோ. பொதுவாக பி1 நிலை ஜெர்மன் மொழியறிவு கேட்கப்படும்.

ஐந்தாவது, அதிகம் பேசப்படாத வாசல். 2024 மார்ச் முதல், தம் நாட்டில் அரசு அங்கீகாரம் பெற்ற இரண்டாண்டுப் பயிற்சி முடித்து, கடந்த ஐந்தாண்டுகளில் குறைந்தது இரண்டாண்டு அத்தொழிலில் அனுபவம் உள்ளவர், ஜெர்மனியில் சான்றிதழ்ச் சமன்பாடு பெறாமலே வேலைக்குச் செல்லலாம். 2025இல் இதற்கான ஊதிய வரம்பு 43,470 யூரோ. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் படிப்புகள் இரண்டாண்டுக் காலம் கொண்டவை என்பதை நெய்வேலி வாசகர்கள் உடனே நினைவுகூர்வார்கள்.

முடக்கப்பட்ட கணக்கில் முடங்குவது யார்?

கல்விக் கட்டணம் இல்லை என்பதால் ஜெர்மனி ஏழைகளின் நாடு என்ற எண்ணம் பரவியிருக்கிறது. ஆனால் மாணவர் விசாவிற்கு, ஓராண்டு வாழ்க்கைச் செலவைத் தம்மால் சமாளிக்க முடியும் என்று காட்ட வேண்டும். அதற்கான வழக்கமான முறை ‘முடக்கப்பட்ட கணக்கு’: 11,904 யூரோவை முன்கூட்டியே ஒரு கணக்கில் செலுத்திவிட வேண்டும், அங்கே சென்றபின் மாதம் 992 யூரோ வீதம் எடுத்துக்கொள்ளலாம். வாய்ப்பு அட்டைக்கு இத்தொகை 2025இல் மாதம் 1,091 யூரோ. ஒரு யூரோவை நூறு ரூபாயாகக் கணக்கிட்டாலே மாணவர் ஒருவர் விமானம் ஏறுமுன் ஏறத்தாழ 12 லட்சம் ரூபாயை முழுமையாகக் காட்ட வேண்டும்.

இப்பணம் செலவாகிவிடுவதில்லை, மாணவருக்கே திரும்பக் கிடைக்கிறது என்பார்கள். உண்மைதான். ஆனால் முதலில் அது ஓரிடத்தில் திரண்டிருக்க வேண்டும். திரண்ட செல்வம் இல்லாதவர் வங்கிக்குச் செல்கிறார். இந்திய வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் வரை பிணை வேண்டியதில்லை, 7.5 லட்சம் வரை மூன்றாம் நபர் உத்தரவாதம் போதும். அதற்கு மேல் சொத்துப் பிணை வேண்டும். 12 லட்சம் என்பது இந்தக் கோட்டைத் தாண்டி நிற்கிறது. எனவே கேள்வி ‘உன் மதிப்பெண் என்ன?’ என்பதிலிருந்து ‘உன் தந்தையின் பெயரில் என்ன இருக்கிறது?’ என்பதற்கு நகர்ந்துவிடுகிறது.

தந்தையின் பெயரில் என்ன இருக்கிறது என்பது இந்நாட்டில் சாதியால் விடையளிக்கப்படும் கேள்வி. மக்கள்தொகையில் 16.6 விழுக்காடான பட்டியல் சாதியினர் சாகுபடி செய்யும் நிலப்பரப்பு, 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, மொத்தத்தில் ஏறத்தாழ 9 விழுக்காடு. தமிழ்நாட்டில் மக்கள்தொகையில் ஐந்தில் ஒருவர் தலித். இங்கே பஞ்சமி நிலம் என்ற வரலாறு உண்டு. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892 முதல் வழங்கப்பட்ட அந்நிலங்களைப் பிற சாதியினருக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. அந்த நிபந்தனை மீறப்பட்டதும் நிலம் பறிபோனதும் நாம் அறிந்ததே. எஞ்சிய நிலத்திலும் ஒரு முரண் உண்டு. சந்தையில் விற்க இயலாத நிலத்தைப் பிணையாக ஏற்க வங்கி தயங்கும். தலித்துகளைக் காக்க எழுதப்பட்ட நிபந்தனை, வங்கியின் மேசையில் அவர்களுக்கு எதிரான குறையாக வாசிக்கப்படுகிறது. மாற்ற வேண்டியது கடன் விதியைத்தான். அந்த நிபந்தனையில் கைவைக்க வேண்டியதில்லை.

வட்டத்திற்குள்ளும் வட்டத்திற்கு வெளியிலும்

நெய்வேலியில் இது எப்படிச் செயல்படுகிறது என்பதைப் புரிந்துகொள்ள இரு மாணவர்களைக் கற்பனை செய்துகொள்வோம். இருவரும் தலித்துகள், ஒரே கல்லூரியில் இயந்திரப் பொறியியல் படித்தவர்கள், மதிப்பெண்ணிலும் சமமானவர்கள். ஒருவரின் தந்தை இடஒதுக்கீட்டின் வழியே என்.எல்.சி.யில் நிரந்தரப் பணியில் சேர்ந்தவர். அவருக்கு நகரியத்தின் வட்டம் ஒன்றில் குடியிருப்பு, மாதச் சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, வருங்கால வைப்புநிதி எல்லாம் உண்டு. இன்னொருவரின் தந்தை மந்தாரக்குப்பம் பக்கத்திலிருந்து சைக்கிளில் வந்து அதே அனல்மின் நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளராகச் சாம்பல் அகற்றுபவர்.

முதலாமவர் பெரும் செல்வர் அல்லர். ஆயினும் அவர் வீட்டில் ஒரு கோப்பு இருக்கிறது. வைப்புநிதியில் முன்பணம் எடுக்கலாம். சம்பளச் சீட்டைக் காட்டிக் கடன் கேட்கலாம். ஓய்வுக்குப்பின் கட்டத் திட்டமிட்ட வீட்டு மனையைப் பிணை வைக்கலாம். ஒரு தலைமுறைக்கு முன் கிடைத்த அரசுத்துறை வேலை, இந்தத் தலைமுறையில் ஐரோப்பிய வசிப்பிட அட்டையாக மாற முடிகிறது. இரண்டாமவரின் வீட்டில் உழைப்பு அதே அளவு இருக்கிறது, கோப்பு இல்லை.

பொதுத்துறை என்பது தலித்துகளுக்கு வெறும் சம்பளமாக இருந்ததில்லை. நிலம் மறுக்கப்பட்ட சமூகத்திற்கு நிலத்தின் இடத்தில் நின்ற சொத்து அது. ஒப்பந்தக்காரர் வழியாக ஆள் எடுக்கப்படும் பணிகளில் இடஒதுக்கீடு செயல்படுவதில்லை. நிரந்தரப் பணியிடங்கள் சுருங்கி ஒப்பந்த முறை பெருகும்போது இழக்கப்படுவது அந்தச் சொத்து. ஆண்டுக்கணக்கில் ஒப்பந்தக்காரர்களிடமும் இன்கோசர்வ் போன்ற கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகவும் பணிபுரியும் தொழிலாளர்கள் பணிநிரந்தரம் கோரிப் போராடிவருகிறார்கள். 2023 ஜூலையில் அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அதற்கு மூன்றாண்டு முன்பு, 2020 மே மாதத்திலும் ஜூலை மாதத்திலும் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் நடந்த கொதிகலன் வெடிப்புகளில் உயிரிழந்தோரில் ஒப்பந்தத் தொழிலாளர்களும் இருந்தனர். துப்புரவு, சாம்பல் அகற்றுதல், சிந்திய கரியை அள்ளுதல் ஆகிய கடைசிப் படிகளில் யார் நிற்கிறார்கள் என்பதை நெய்வேலியை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பணிநிரந்தரக் கோரிக்கையை ஊதியக் கோரிக்கையாக மட்டும் பார்ப்பவர்கள், அதனுள் அடுத்த தலைமுறையின் பயணச்சீட்டும் இருக்கிறது என்பதைக் காணத் தவறுகிறார்கள்.

உழைப்பு உண்டு, சான்று இல்லை

ஐந்தாம் வாசலுக்குத் திரும்புவோம். ஐ.டி.ஐ. ஃபிட்டர் சான்றிதழும் கொதிகலன் பராமரிப்பில் எட்டாண்டு அனுபவமும் கொண்ட ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர், சட்டத்தின் சொற்களை மட்டும் வைத்துப் பார்த்தால், அந்த வாசலில் நிற்கத் தகுதியுள்ளவர். ஆனால் அந்த எட்டாண்டை எந்தக் காகிதம் சொல்லும்? ஒப்பந்தம் இரண்டு, மூன்று ஆண்டுகளில் கைமாறுகிறது. வேலையிடமும் இயந்திரமும் மேற்பார்வையாளரும் அப்படியே இருக்க, ஒப்பந்தக்காரரின் பெயர் மட்டும் மாறுகிறது. வருகைப் பதிவேட்டில் ‘உதவியாளர்’ என்று எழுதப்பட்டவர் உண்மையில் வெல்டிங் செய்தவராக இருக்கலாம். ஜெர்மன் அதிகாரிக்கு வேண்டியது, என்ன வேலை, எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை என்று சொல்லும் கடிதம்.

அந்தக் கடிதம் எவரும் இரங்கித் தர வேண்டிய சலுகை அன்று. ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் 1971இல் வகுக்கப்பட்ட மத்திய விதிகளின் 77ஆம் விதி, வேலை முடியும்போது 15ஆம் எண் படிவத்தில் பணிச் சான்றிதழ் வழங்க வேண்டும் என்றது. அச்சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும், தொழிலாளர் கேட்டால் செய்த வேலையின் விவரங்களுடன் அனுபவச் சான்றிதழ் வழங்குவதை ஒப்பந்தக்காரரின் கடமையாக்குகிறது. சட்டம் இருக்கிறது, கேட்பவர் இல்லாததால் அது உறங்குகிறது. விசாவிற்காக ஒருவர் தனியாகச் சென்று கேட்டால் கிடைக்காமல் போகலாம். சங்கம் கேட்டால் நிலைமை வேறு.

அம்பேத்கர் அறிந்த காலக்கெடு

அண்ணல் அம்பேத்கர் 1921இல் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் மாணவராகப் பதிவுசெய்துகொண்டார் என்பதைப் பலர் பெருமையுடன் குறிப்பிடுவதுண்டு. அதைவிட நம் விவாதத்திற்கு நெருக்கமானது 1917. பரோடா மன்னரின் உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டதால் லண்டன் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு அவர் நாடு திரும்ப நேர்ந்தது. சிடன்ஹாம் கல்லூரியில் கற்பித்துச் சேர்த்த பணமும், கோலாப்பூர் சாகு மகாராஜாவும் நண்பர் நவல் பதேனாவும் செய்த உதவியுமாக 1920இல்தான் மீண்டும் கப்பலேறினார். அறிவில் எக்குறையும் இல்லாத ஒருவரைக் காசோலையின் தேதி மூன்றாண்டுகள் நிறுத்திவைத்தது.

நூறாண்டுக்குப் பின்னும் அதே தேதிதான் தடையாக நிற்கிறது. பட்டியல் சாதியினர் உள்ளிட்டோருக்கான ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் ஆண்டுக்கு 125 இடங்கள். அவற்றில் பட்டியல் சாதியினருக்கு 115. 2025இல் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்கே தற்காலிக ஆணை வழங்கப்பட்டது. மற்றவர்களுக்கு, நிதி கிடைப்பதைப் பொறுத்து வழங்கப்படும் என்று சொல்லப்பட்டது. ஜெர்மன் சட்டம் முடக்கப்பட்ட கணக்கிற்கு மாற்றாக உதவித்தொகை ஆணையை ஏற்கிறது. ஆனால் ‘நிதி இருந்தால் தருவோம்’ என்பது ஆணை ஆகாது. பல்கலைக்கழகச் சேர்க்கைக்கும் விசா நேர்காணலுக்கும் நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. அந்த நாளுக்குப் பின் வரும் ஆணை, வராத ஆணைக்குச் சமம்.

தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டம் தொகையில் தாராளமானது; ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை வழங்குகிறது. செவிலியர்களுக்கும் பொறியியல் பட்டதாரிகளுக்கும் ஜெர்மன் மொழிப் பயிற்சி தர தாட்கோ முன்வந்திருக்கிறது. இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும் உதவித்தொகைத் திட்டங்கள் பட்டமேற்படிப்பையும் ஆய்வையுமே கருதி வகுக்கப்பட்டவை. கட்டணமில்லாத, ஊதியமுள்ள தொழிற்பயிற்சி வாசலுக்கு வேண்டியதோ சிறு தொகைதான்: எட்டு, ஒன்பது மாத மொழிப் படிப்பு, தேர்வுக் கட்டணம், சான்றிதழ் மொழிபெயர்ப்பு, விசா, விமானக் கட்டணம், முதல் மாத வாடகை. சாம்பல் அகற்றுபவரின் மகளுக்கும் மகனுக்கும் எட்டக்கூடிய வாசலுக்கு உதவி ஏதும் இல்லாமலிருப்பது திட்டமிடலின் குறை.

அட்டை கையில் வந்த பின்

ஜெர்மனியில் 2006இல் வந்த பொதுச் சமவாய்ப்புச் சட்டம், இனம், இனவழித் தோற்றம், மதம், பாலினம், மாற்றுத்திறன், வயது, பாலியல் அடையாளம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்கிறது. சாதி என்ற சொல் அதில் இல்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தனியே பெயர் சொல்லித் தடைசெய்ததை இதனுடன் ஒப்பிடலாம். ஜெர்மனியில் இந்தியர் எண்ணிக்கை கூடக்கூட, வாடகை அறை முதல் வேலைப் பரிந்துரை வரை சக இந்தியரின் கையில் இருக்கும் முடிவுகளும் கூடும். ‘ஊர் எது, முழுப்பெயர் என்ன?’ என்ற கேள்விக்கு விசா தேவையில்லை. அங்கு செல்லும் தலித் மாணவர்கள் இதை அறிந்தே செல்ல வேண்டும். அங்குள்ள அமைப்புகள் அச்சட்டத்தில் சாதியைச் சேர்க்கக் கோர வேண்டும்.

கோர வேண்டியவை

‘ஊரைவிட்டுப் போவதுதான் விடுதலையா?’ என்று நம் தோழர்கள் சிலர் கேட்பது நியாயமான கேள்வியே. போவதும் இருப்பதும் அவரவர் தெரிவாக இருக்க வேண்டும் என்பதே நம் நிலை. இன்று அத்தெரிவு சிலருக்கே வாய்த்திருக்கிறது. நெய்வேலிக்கு இது அவசரமான கேள்வியும்கூட. 600 மெகாவாட் திறன்கொண்ட முதலாம் அனல்மின் நிலையம் 2020 செப்டம்பரில் முழுமையாக மூடப்பட்டது. ஜெர்மனி தன் நிலக்கரி மின்னுற்பத்தியை 2038க்குள் கைவிட 2020இல் சட்டம் இயற்றியபோது, லவுசிட்ஸ் போன்ற தன் நிலக்கரிப் பகுதிகளின் மறுவாழ்வுக்கு 40 பில்லியன் யூரோ வரை ஒதுக்கவும், மூத்த தொழிலாளர்களுக்கு ஓய்வுவரை ஈட்டுத்தொகை தரவும் ஏற்பாடு செய்தது. அதே வகைக் கரியைத் தோண்டும் நெய்வேலி ஒப்பந்தத் தொழிலாளிக்கு அத்தகைய ஏற்பாடு எதுவும் இல்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. அயல்நாட்டு உதவித்தொகை ஆணைகள் சேர்க்கைக் காலத்திற்கு முன்பே, நிதி உறுதியுடன் வழங்கப்பட வேண்டும். ஜெர்மனி போன்ற நாடுகளில் ஊதியத்துடன் கூடிய தொழிற்பயிற்சிக்குச் செல்லும் பட்டியல் சாதி, பழங்குடி இளைஞர்களின் மொழிப் படிப்பையும் முதற்செலவையும் தாட்கோ ஏற்க வேண்டும். அப்பயிற்சி மாவட்டத்திலேயே நடக்க வேண்டும். முடக்கப்பட்ட கணக்கிற்கான கடனில் அரசே பிணையாளராக நிற்க வேண்டும். ஒப்பந்தக்காரர்கள் மாறினாலும் தொழிலாளியின் முழுப் பணிக்கால விவரத்தை முதன்மை நிறுவனம் பதிவுசெய்து சான்றளிக்க வேண்டும். பணிநிரந்தரக் கோரிக்கை இவை அனைத்திற்கும் அடித்தளம்.

இவற்றுக்காகக் காத்திராமல் நாளையே செய்யக்கூடியது ஒன்று உண்டு. நெய்வேலியைச் சுற்றியுள்ள கல்லூரிகளில் படிக்கும் மாணவர்கள், ஒப்பந்தத் தொழிலாளரான தம் பெற்றோரிடம் அனுபவச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்கலாம். இல்லையெனில் ஒரு விண்ணப்பம் எழுதி, சங்கத்தின் வழியாக ஒப்பந்தக்காரருக்கு அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்தலாம். வைப்புநிதி நிலுவைக்கும் விபத்து இழப்பீட்டுக்கும் பணிநிரந்தர வழக்குக்கும் அதே காகிதம்தான் தேவைப்படும். எவரும் ஜெர்மனிக்குப் போகாவிட்டாலும் அது வீண்போகாது.